தவசியின் தெப்பமும் என் வாழ்த்துமடலும்

தவசிக்கு வரவேண்டிய பேட்டன்டைக் கெடுத்தது யார் என்று பசுமலையில் யாரைக் கேட்டாலும் சென்னைக் கம்பெனியைத்தான் கை காட்டுவார்கள். பாவம், கம்பெனி. அது தன் வேலையைப் பார்த்தது. கெடுத்தவன் கண்ணுச்சாமியாகிய நான். இதை நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அடக்கத்தினால் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அடக்கம் என்ற ஒன்று இருந்திருந்தால் தவசி இன்று வேறு ஆளாக இருந்திருப்பான்.

மெயின் ரோட்டை ஒட்டிய அந்த மாடிக் கட்டடத்தில் கீழே அவனுடைய பேட்டரிக் கடை, மேலே என்னுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். புது பேட்டரி விற்கிற கண்ணாடிக் கடையாக அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். லாரி, டிராக்டர், மைக் செட்டுக்காரர்களின் செத்துப்போன பேட்டரிகளைக் கொண்டுவந்து போடுவார்கள். அவன் சார்ஜ் ஏற்றித் திருப்பிக் கொடுப்பான். ஆசிட் தெறித்துத் தெறித்து அவன் சட்டைகள் எல்லாம் சல்லடை. மேலே எட்டு மெஷின்கள் ஒன்றாகத் தட்டுகிற சத்தம் அவனுக்குத் தொல்லை, கீழேயிருந்து ஏறி வருகிற ஆசிட் நெடி எனக்குத் தொல்லை. இப்படித்தான் சிநேகம் ஆனோம். அவன் என்னைவிட எட்டு வயது இளையவன். படிப்பு எட்டாம் வகுப்பு.

அவன் அப்பா காசிமாயன் கீழமாசி வீதியில் கைவண்டி இழுத்தவர். பருப்பு மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றி இழுத்து இழுத்து இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துபோய், ஐம்பது வயதிலேயே சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். அதைப் பார்த்து வளர்ந்த தவசிக்கு ஒரே நினைப்பு: வண்டி தானாக ஓட வேண்டும். எழுபத்தொன்பதில் பழைய இரும்புக் கடையில் ஒரு மோட்டாரைப் பிடித்து, மூன்று சக்கரச் சாமான் வண்டி ஒன்றில் மாட்டி, இரண்டு லாரி பேட்டரிகளை வைத்து ஓட்டியே காட்டிவிட்டான். நாலு மூட்டையோடு பசுமலையிலிருந்து வண்டியூர் தெப்பக்குளம் வரை போய்த் திரும்பியது. நானும் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து போனேன்.

வண்டி ஓடியது, சார்ஜ்தான் தகராறு செய்தது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் இருபத்துநாலு வோல்ட்டில் மோட்டார் ஓடும். ஆனால் அப்படிக் கோத்தபடியே சார்ஜ் போட்டால் நல்ல பேட்டரி சீக்கிரம் நிறைந்து கொதிக்க ஆரம்பிக்கும், நோஞ்சான் பேட்டரி பாதி வயிறோடு கிடக்கும். பக்கத்திலேயே ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் சரிப்படும். வண்டிக்காரன் பகல் முழுக்க மூட்டை சுமந்துவிட்டு வந்து பேட்டரிக்குக் காவல் நிற்பானா?

இரண்டு வருஷம் இதிலேயே கிடந்தான். ஒரு தடவை பேட்டரிக்கு உள்ளேயே ஸ்விட்ச் வைத்துப் பார்த்து, தீப்பொறி பட்டு வாயு வெடித்து, இடது புருவம் போனது. அதற்குப் பிறகு பிடித்தான் அந்த யுக்தியை. பேட்டரி நிறைய நிறைய ஆசிட் கனக்கும். கனத்த ஆசிட்டில் மிதவை மேலே எழும்பும். இது எல்லாப் பேட்டரிக் கடைக்காரனுக்கும் தெரியும், அதை வைத்துத்தான் சார்ஜ் பார்க்கிறார்கள். தவசி ஊசி மருந்துக் குப்பி ஒன்றை அடைத்து மிதவையாக்கி, அதன்மேல் ஒரு கண்ணாடித் தண்டை நிறுத்தி, தண்டின் தலையைப் பேட்டரி மூடியின் துளை வழியாக வெளியே கொண்டுவந்தான். மிதவை எழும்பினால் தண்டு போய் வெளியே உள்ள சின்னப் பெட்டியில் ஒரு நெம்புகோலைத் தட்டும். அந்தப் பேட்டரிக்குப் போகிற கரண்ட் நிற்கும். மற்றது தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். ஓடும்போது ஒன்றன்பின் ஒன்றாகவும் சார்ஜ் ஏறும்போது பக்கம் பக்கமாகவும் மாற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி. பன்னிரண்டு வோல்ட் சார்ஜர் இருக்கிற எந்தக் கடையிலும் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். மிதவைக்கு அவன் வைத்த பெயர் தெப்பம்.

எண்பத்தொன்று ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பெண் முத்துத்தாய், வாடிப்பட்டிக்காரி. இங்கேதான் நான் உள்ளே வருகிறேன்.

மதுரைப் பக்கம் கல்யாணம் என்றால் வாழ்த்துமடல் இல்லாமல் தாலி ஏறாது. மாப்பிள்ளையின் நண்பர்கள் சேர்ந்து கவிதை எழுதி அச்சடித்து, பந்தலில் மைக்கில் வாசித்து, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். வந்தவர்கள் அதை வைத்து விசிறிக்கொள்வார்கள். அந்த வட்டாரத்தில் வாழ்த்துமடலுக்கு நான்தான் ஆள். ஆனால் மற்றவர்களைப் போல நிலவே, தேனே, முத்தே என்று எழுதுகிற ஆள் இல்லை நான். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் இருக்க வேண்டும் என்பேன். அரிசி மண்டிக்காரன் கல்யாணம் என்றால் எத்தனை ரக அரிசி என்பதுவரை பாட்டில் வரும். இதைச் சொல்லிச் சொல்லியே ஊரில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

தவசியிடம் போய், உன் கண்டுபிடிப்பை முழுக்கச் சொல், பாட்டில் வைக்கிறேன் என்றேன். அவன் கூச்சப்பட்டான். மாமனார் வீட்டுக்காரர்கள், மாப்பிள்ளை ஆசிட் கழுவுகிறவன் என்று பேசிக்கொண்டது என் காதுக்கு வந்திருந்தது, அதைச் சொல்லி உசுப்பினேன். அப்புறம் அவனே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தான். தண்டு உள்ளே தட்டுவதாக நான் எழுதியிருந்ததைத் திருத்தி, வெளியே என்று போடச் சொன்னதும் அவன்தான். வரிகள் இவை:

இரட்டைக் கலங்கள் இணையாய் நின்றே
பன்னிரு வோல்ட்டில் பசியா றிடவே,
அமிலம் கனக்கத் தெப்பம் எழும்பும்;
எழுந்த தெப்பத் தண்டின் தலையோ
வெளியே பெட்டியில் விசையைத் தட்டும்;
நிறைந்தது விலகும், குறைந்தது குடிக்கும்.

கீழே படமும் உண்டு. தவசி பென்சிலில் போட்டுக் கொடுத்ததைப் பிளாக் எடுத்து அச்சடித்தவர் டவுனில் அச்சகம் வைத்திருந்த பாதுஷா பாய். ஐநூறு பிரதி. கடைசி வரியை நான் மைக்கில் வாசித்தபோது பந்தல் கை தட்டியது. முத்துத்தாயின் அப்பா முதல்முறையாக மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்த்தார். தவசி மணவறையில் தலையைக் குனிந்துகொண்டு அழுதான், சந்தோஷத்தில். மடல் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான்.

பேட்டன்ட் என்ற ஒன்று இருப்பது எங்களுக்குக் கார்த்திகையில்தான் தெரியும். காலேஜ் வாத்தியார் ஒருவர் தறிக்கு ஏதோ பாகம் கண்டுபிடித்து, அதற்கான விண்ணப்பத்தை என்னிடம் டைப் அடிக்கக் கொடுத்தார். அதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒருவன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் சர்க்கார் அவன் பெயரை எழுதி, சில வருஷங்களுக்கு அவனைக் கேட்காமல் அதை வேறு எவனும் செய்யக் கூடாது என்று முத்திரை குத்திக் கொடுக்கிறது. ஓடிப்போய்த் தவசியிடம் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

"எம் பேரு இருக்குமாண்ணே அந்தக் காயிதத்துல?"

"உன் பேரு, உங்கப்பா பேரு, பசுமலை, எல்லாம் இருக்கும்."

அன்றிலிருந்து அவனுக்கு வேறு பேச்சில்லை. கைவண்டிக்காரன் மகன் என்பதை அழிக்க அவனுக்கு விருப்பமில்லை. அதையும் சேர்த்து எழுதி முத்திரை குத்திய காகிதம் வேண்டும் என்பதுதான் ஆசை.

எண்பத்திரண்டு தையில் விண்ணப்பம் போனது. அந்த வாத்தியார் கொடுத்த விதிமுறைத் தாளில், விண்ணப்பிக்கும் முன்பு கண்டுபிடிப்பு எங்கும் பிரசுரமாகியிருக்கக் கூடாது என்று இருந்தது. படித்தேன். சத்தமாகவே படித்தேன். பிரசுரம் என்றால் புத்தகம், பத்திரிகை என்றுதான் எனக்கும் பட்டது, அவனுக்கும் பட்டது. கல்யாண வீட்டில் தேங்காயோடும் வெற்றிலையோடும் மஞ்சள் பையில் போட்டுக் கொடுக்கிற காகிதத்தைப் போய் யாராவது பிரசுரம் என்பார்களா? நாங்கள் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது மடல் எங்கள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்துச் சென்னைப் பேட்டன்ட் ஆபீசிலிருந்து பரிசோதனை அறிக்கை வந்தது. ஏழு ஆட்சேபணைகள். பேட்டரிக் கடையில் மிதவை என்பது ஏற்கெனவே உள்ளதுதானே, இதில் புதிது என்ன என்பது முதல் கேள்வி. பழைய மிதவை அளவைச் சொல்லும், ஆள்தான் கரண்டை நிறுத்த வேண்டும். இந்த மிதவை தானே நிறுத்தும் என்று நாங்கள் பதில் எழுதினோம். எந்த அளவில் எழும்பும், வெயில் காலத்தில் மாறுமா என்று எண்கள் கேட்டிருந்தார்கள். தவசி சித்திரை வெயிலில் பேட்டரியை மொட்டை மாடியில் வைத்து, மணிக்கு ஒரு தடவை ஏறி இறங்கி நோட்டில் குறித்தான். தீப்பொறி பட்டு வெடிக்காதா என்ற கேள்விதான் பெரிய கேள்வி. தண்டு வெளியே வந்துதான் தட்டுகிறது என்பதைப் படம் பெரிதாகப் போட்டு விளக்கினோம். அந்தப் பரிசோதகரை நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனால் தவசி அவர்மேல் ஒரு பக்தியே வைத்துவிட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவன் சொன்னதை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்டிருக்கிறார். "இம்புட்டு நுணுக்கமா எவண்ணே கேட்டிருக்கான்?" என்று அந்த அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். ஆசிட் பட்டு அதிலும் ஓட்டை விழுந்தது.

மூன்று முறை கடிதம் போய் வந்து, எண்பத்துநாலு கடைசியில் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கெஜட்டில் அறிவித்தார்கள். இனி நாலு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பேட்டன்ட் அவனுக்கு. முத்துத்தாய் அதற்குள் ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகியிருந்தாள். நாலு மாதம்தானே, நல்லபடியாகப் போகட்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

தை மாதம் சென்னைக் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். மில்களுக்குள் சாமான் இழுக்கிற பேட்டரி வண்டி செய்கிற கம்பெனி. நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். தவசியைக் கம்பெனியில் வேலைக்கு வரச் சொன்னார்; பேட்டன்ட் கம்பெனி பெயரில் இருக்கும் என்றார். பெயர் போகும் என்றால் தவசி எங்கே சம்மதிப்பான்? மாட்டேன் என்றுவிட்டான். அவரும் வற்புறுத்தவில்லை. டீ குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். எழுந்து போய்ச் சட்டத்துக்குள் இருந்ததை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். தவசிக்குப் பெருமை தாங்கவில்லை, மாடியைக் காட்டினான்.

அவர் படியேறி என்னிடம் வந்தார். இப்படி ஒரு கவிதையை நான் படித்ததே இல்லை என்றார். எனக்கு அது போதாதா? மிச்சமிருந்த கட்டிலிருந்து ஒரு மடலை உருவி, தமிழ்ச் சுவை அறிந்த அன்பருக்கு என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, இது இன்ன தேதியில் தவசியின் திருமணத்தில் ஐநூறு பேருக்கு வழங்கப்பட்டது என்று ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். நீட்டிய கைக்கு எல்லாவற்றையும் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதில்கூடச் செலவு செய்தவனுக்குத்தான் சூனியம். இங்கே செலவும் சூனியமும் தவசிக்கு, பாராட்டு மட்டும் எனக்கு.

நாலாவது மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது கம்பெனி எதிர்ப்பு மனு போட்டது. விண்ணப்பத்துக்கு ஐந்து மாதம் முன்பே இந்தக் கண்டுபிடிப்பு அச்சிட்டு வெளியிடப்பட்டுவிட்டது, ஆகவே இது புதிது அல்ல. முதல் சான்று, என் கையெழுத்தோடு என் மடல். இரண்டாவது சான்று, தவசியை முன்பின் அறியாத ஒரு பேட்டரி மெக்கானிக்கின் வாக்குமூலம். அந்த மடலை மட்டும் கையில் கொடுத்தார்களாம். இரண்டு நாளில் தெப்பத்தைச் செய்து ஓட்டிவிட்டானாம்.

அந்த நகலை நான் தவசிக்குத் தமிழில் சொல்லி முடித்தபோது அவன் சுவரைப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நானுந்தானண்ணே சரிபாத்துக் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னான்.

மடலே பொய், தேதி தவறு என்று சொல்லிவிடலாமா என்று நான்தான் முதலில் கேட்டேன். பாதுஷா பாயிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன். தவசி ஒத்துக்கொள்ளவில்லை. ஐநூறு பேர் கேட்டார்கள், அதை இல்லை என்றால் என் கல்யாணமே நடக்கவில்லை என்றாகும் என்றான்.

டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவருக்குப் பேட்டன்ட் வழக்கு புதிது, ஆனாலும் கெட்டிக்காரர். ஒரு வழிதான் இருக்கிறது என்றார். அச்சடித்தது உண்மை, அதை மறுக்க வேண்டாம். ஆனால் அது பாட்டு, கல்யாணப் பாட்டு. கல்யாணப் பாட்டில் மாப்பிள்ளையைச் சூரியன் என்றும் எழுதுவார்கள், அதற்காக மாப்பிள்ளையிடம் வெயில் காய முடியுமா? வழக்கத்துக்காக, ஓசைக்காக அடுக்கிய சொற்கள், அழகுக்காகப் போட்ட படம், இதைப் படித்து யாரும் எதையும் செய்துவிட முடியாது, அந்த மெக்கானிக்குக் கம்பெனிதான் சொல்லிக்கொடுத்திருக்கும் என்று எழுதியவரே சத்தியம் செய்தால் பிழைக்க வழி உண்டு என்றார். எழுதியவர் என்பது நான். அந்த வாக்குமூலத்தை நானே டைப் அடித்தேன். என் பாட்டில் பொருள் இல்லை என்று என் விரல்களே அடித்தன. கையெழுத்தும் போட்டேன். தவசிக்காக இதைக்கூடச் செய்யமாட்டேனா என்று முத்துத்தாயிடம் வீறாப்பாகச் சொன்னேன்.

அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "அங்க போயும் இதையே சொல்லுங்கண்ணே. அது போதும்" என்றாள்.

எண்பத்தாறு ஆவணியில் விசாரணை. என் வாக்குமூலத்தின்மேல் குறுக்கு விசாரணை வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்ததால் நானும் தவசியும் சென்னைக்குப் போனோம். எங்கள் வக்கீலுக்கு அன்று வேறு வழக்கு. ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெரிய மேஜை, அதன் தலைமாட்டில் அதிகாரி, எதிரே கம்பெனி வக்கீலும் அந்த இன்ஜினியரும். தவசி ஓட்டையில்லாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கல்யாணத்துக்கு எடுத்தது.

கம்பெனி வக்கீல் என்னை மிரட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் கையில் மடலை எடுத்துக்கொண்டு, அனுமதி கேட்டு, எழுந்து நின்று வாசித்தார். என்ன குரல்! சீர் பிரித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நிறைந்தது விலகும் என்று ஏற்றி, குறைந்தது குடிக்கும் என்று இறக்கினார். நானே அப்படி வாசித்தது கிடையாது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். பிறகு வக்கீல் மடலை மேஜைமேல் அலட்சியமாகப் போட்டார்.

"இது நல்லா இருக்கு. ஆனா நீங்களே சத்தியம் பண்ணியிருக்கீங்க, வெறும் ஓசைதான்னு. 'தண்டின் தலை'ங்கிறது எழுத்து பொருந்தி வரணும்னு போட்டது. 'வெளியே'ங்கிறது அடியை நிரப்பப் போட்டது. எல்லாம் இடத்தை அடைக்கிற சொல்லு. அப்படித்தானே?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும். மூன்றெழுத்து. அதற்குத்தான் முந்நூறு மைல் வந்திருந்தேன். தவசி என் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவன் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது.

"என் பாட்டில் இடத்தை அடைக்கிற சொல் ஒன்றுகூடக் கிடையாது" என்றேன்.

அதிகாரி பேனாவை எடுத்தார். அப்படியானால் விஷயம் தெரிந்த ஒரு மெக்கானிக் இதைப் படித்து அந்தக் கருவியைச் செய்ய முடியுமா என்று நிதானமாகக் கேட்டார். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"தமிழ் தெரிந்தவனாக இருந்தால் செய்யலாம்" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பக்கத்தில் இருந்தவனையும் சேர்த்துக் கெடுத்தேன். பிற்பாடு பலரும் என்னிடம் சொன்னார்கள், நீங்கள் உண்மையைத்தானே சொன்னீர்கள், பொய்ச் சத்தியத்தில் நிற்காமல் தப்பித்தீர்கள் என்று. உண்மைக்காகச் சொன்னேன் என்று நானும் கொஞ்ச காலம் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. உண்மைக்கும் எனக்கும் அன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒருவன் என் பாட்டை மட்டமாகச் சொன்னான், எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். தவசியின் ஏழு வருஷ உழைப்பை ஒரு பக்கமும் என் ஆறு வரிகளை மறுபக்கமும் வைத்து, என் வரிகளை எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட அந்த வக்கீலின் குரலில் அந்த வரிகள் காதில் கேட்கின்றன. நன்றாகவே இருக்கின்றன. அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

அன்று பகல் வைகை ரயிலிலேயே திரும்பினோம். தவசி விழுப்புரத்தில் இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கிவந்தான், ஒன்றை என்னிடம் நீட்டினான். திருச்சி தாண்டிய பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

"நல்லாத்தான் வாசிச்சாருண்ணே அந்த வக்கீலு."

கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கேலி பேசத் தெரியாது.

கார்த்திகையில் உத்தரவு வந்தது. நாலு பக்கம். பரிசோதனையில் எழுப்பிய ஆட்சேபணைகளுக்கெல்லாம் விண்ணப்பதாரர் திருப்தியாகப் பதில் சொல்லியிருக்கிறார், கண்டுபிடிப்பு பயனுள்ளது, அவருடையதே என்பதிலும் ஐயமில்லை என்று முதல் மூன்று பக்கம் இருந்தது. நாலாவது பக்கத்தில், ஆனால் விண்ணப்பதாரரின் சாட்சியே ஒப்புக்கொண்டபடி, என்று ஆரம்பித்து, மறுக்கப்படுகிறது என்று முடிந்தது. தவசி மூன்று பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னான். நாலாவதைக் கேட்கவில்லை. முத்துத்தாய் கேட்டாள். கேட்டுவிட்டு, அன்றிலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். வீட்டுக்குப் போனால் தண்ணீர் கொடுப்பாள், பேசமாட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எண்பத்தெட்டில் விளாங்குடிப் பக்கம் ஒரு மில்லிலிருந்து தவசிக்கு ஆள் வந்தது. புதிதாக வாங்கிய பேட்டரி வண்டி சார்ஜ் ஏறவில்லையாம், சென்னையிலிருந்து ஆள் வர ஒரு வாரம் ஆகுமாம். கூட நானும் போனேன். நீல வர்ணப் பெட்டியைத் திறந்தான். உள்ளே தண்டு, நெம்பு, கீழே தெப்பம். ஊசிக் குப்பிக்குப் பதில் அழகான பிளாஸ்டிக். மூடியில் கம்பெனி பெயர். சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. யாரும் செய்யலாம் என்று ஆகிவிட்ட பொருள்தானே. தண்டு லேசாக வளைந்து துளையில் உரசிக்கொண்டிருந்தது. தவசி அதைக் கழற்றி நிமிர்த்தி, எண்ணெய்த் துணியால் துடைத்து மாட்டினான். வண்டியில் சார்ஜ் ஏறத் தொடங்கியது. மில் சூப்பர்வைசருக்கு ஆச்சரியம். இந்தச் சிஸ்டம் புதுசாச்சே, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பார்த்துப் பழக்கம் என்றான் தவசி. நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மூட வேண்டிய நேரத்துக்கு இரண்டு வருஷம் தாமதம்.

அவனுடைய மூன்று சக்கர வண்டி கடைக்குப் பின்னால் துருவேறிக் கிடந்தது. அதற்கு மேல் அவன் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பேட்டரி வரும், சார்ஜ் ஏற்றுவான், கொடுப்பான். சுவரில் சட்டம் மட்டும் அப்படியே தொங்கியது. கழற்றிவிடு என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, கல்யாணத்துக்கு வந்த மடலைக் கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

அந்த வருஷம் ஆவணியில் மகள் மலையம்மாளுக்குக் காதுகுத்து வைத்தான். வாடிப்பட்டியிலிருந்து தாய்மாமன்கள் சீரோடு வருகிறார்கள், மைக் செட் வைத்திருக்கிறான், பந்தல் போடுகிறான். ஒரு நாள் காலை, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது படியேறி வந்து என் மேஜை அருகில் நின்றான். நான் மெஷின்களை நிறுத்தச் சொன்னேன்.

"புள்ளைக்கு ஒரு வாழ்த்து எழுதிக் குடுங்கண்ணே."

கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஏழு வருஷத்தில் அவன் என்னிடம் பாட்டு எழுதிக் கேட்டதில்லை. கட்டாயம் எழுதுகிறேன் என்றேன். என்னென்ன வர வேண்டும், சொல், என்று பழக்க தோஷத்தில் காகிதத்தையும் எடுத்தேன்.

"ஒண்ணும் வர வேணாம்" என்றான். "இந்தத் தடவ அர்த்தம் ஏதும் இல்லாம எழுதுங்கண்ணே."

எழுதினேன். நிலவே, தேனே, முத்தே, மரகதமே. வாழ்நாளில் நான் எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த சொற்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, பதினாறும் பெற்று வாழ்க என்று முடித்தேன். பாதுஷா பாயிடம் கொடுப்பதற்கு முன் கீழே கொண்டுபோய் அவனிடம் நீட்டினேன். பேட்டரியில் கை வைத்திருந்தவன், கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினான். ஸ்டூலில் உட்கார்ந்து, ஆசிட் தின்ற நகத்தை ஒவ்வொரு சொல்லின்கீழும் வைத்து, கல்யாணத்தின்போது தெப்பத்தின் வரிகளைச் சரிபார்த்தானே, அதே கவனத்தோடு கடைசிவரை படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. இதையே அடிச்சிருவோம்."